பழைய கேம்ரியா, அக்கார்டா?

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஓட்ட பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களில் 2017 ஹோண்டா அக்கார்டா, 2016 டொயோட்டா கேம்ரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கேம்ரியையே எடுங்கள். ஓட்டுகிற சுகத்தில் அக்கார்டு ஒரு படி மேல்தான், மறுக்கமாட்டேன். ஆனால் ஹோண்டா அதை இங்கே விற்பதை நிறுத்திவிட்டது. உதிரி பாகத்துக்குக் காத்திருக்க நேரலாம்.

வண்டி பார்க்கும்போது, பின் சீட் பக்கம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தில் டார்ச் அடியுங்கள். நான் திசையன்விளைக்கு அடிக்கடி போய் வருபவன்; என் கேம்ரியில் அந்த இடத்தைத் துடைத்தால் துணி அந்தப் பக்கத்துச் செம்மணலான தேரி மண்ணாகச் சிவந்துவிடும். தூசி அடைத்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். அப்புறம், பாபநாசம் மலையில் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். ஹைபிரிடில் பிரேக் பிடித்தால் பேட்டரி சார்ஜ் ஆகும்; அதனால் பிரேக்கைத் தொடத் தொட, ஸ்டியரிங் முன்னால் திரையில் பேட்டரி அளவைக் காட்டும் கோடுகள் நிதானமாக ஏறவேண்டும். சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கினால் அந்த வண்டி வேண்டாம்.