வசனத் தாளைத் திரும்ப வாங்கி வையுங்கள், டீச்சர்

ஒரு தமிழாசிரியை கேட்டிருக்கிறார்: "அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஏழிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை 32 பிள்ளைகள், ஆண்டு விழாவுக்கு ஆறு வாரம் இருக்கிறது. வசனத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிறார்கள், மேடையேறினால் மைக்கைச் சுற்றி மரமாக நின்றுவிடுகிறார்கள். குரலும் எட்டவில்லை. நன்றாகப் பேசும் நான்கைந்து பேர் போக மற்றவர்களுக்கு என்ன கொடுப்பது? செட், லைட்டுக்கெல்லாம் பணம் கிடையாது."

டீச்சர், முதல் வேலையாகப் பிள்ளைகளிடம் கொடுத்த வசனத் தாள்களைத் திரும்ப வாங்கி வையுங்கள். மனப்பாடத்தோடு மேடைக்கு வரும் பிள்ளைக்கு அடுத்த வரி மட்டும்தான் மண்டைக்குள் ஓடும், எதிரில் நிற்பவன் பேசுவது காதில் விழாது, கை கால் இருப்பதே மறந்துவிடும். முதல் இரண்டு வாரம் வசனமே வேண்டாம். மைதானத்தில் உங்கள் மேடையின் அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம் பிரித்து, ஐந்தைந்து பேராக உள்ளே விட்டு ஒரு சூழ்நிலையை மட்டும் சொல்லுங்கள்: ரேஷன் கடை வரிசை, சில்லறைக்குச் சண்டை நடக்கும் டவுன் பஸ், கரண்ட் போன வீடு. முதலில் பேச்சில்லாமல் செய்யட்டும், அப்புறம் வாய்க்கு வந்ததைப் பேசட்டும். ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்ற ஒரே விதி போதும், கும்பலாக ஒட்டிக்கொள்வது தானாகக் குறையும். வலது என்றால் மேடையில் நிற்பவரின் வலது, இதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் வாரம் அவர்கள் பேசியதிலிருந்தே வரிகளை எடுத்து எழுதுங்கள். ஊர்ப்பேச்சு அப்படியே இருக்கட்டும். அதை மேடைத் தமிழாகத் திருத்தினீர்கள் என்றால் மறுபடி ஒப்பித்தல் வந்துவிடும்.

குரல் விஷயத்தில் "சத்தமாப் பேசு" என்று சொல்வதால் பயனில்லை, பிள்ளை கத்தும், தொண்டை கட்டும். நம் மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது, பிள்ளைகள் மூச்சு தீர்ந்து குரலை விழுங்குவதும் சரியாக அந்த இடத்தில்தான். "நான் வர மாட்டேன்" என்பதில் "மாட்டேன்" கேட்கவில்லை என்றால் கதையே மாறிப்போகிறது. அதனால் ஒருவரை வராண்டாவிலும் இன்னொருவரைத் தூரத்தில் மரத்தடியிலும் நிறுத்திப் பேசச் சொல்லுங்கள், கேட்பவர் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். தினம் பத்து நிமிடம் செய்தாலே மாற்றம் தெரியும். 1918இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற சிறுவர் நாடகக் குழுவில் உங்கள் மாணவர்களைவிடச் சின்னப் பிள்ளைகள் மைக்கே இல்லாமல் நடித்தார்கள். அந்தக் காலத்துக் கண்டிப்பு நமக்கு வேண்டாம், ஆனால் பிள்ளைகளால் முடியும் என்பதில் சந்தேகம் வேண்டாம். குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு மட்டும் கத்துகிற வேடம் கொடுக்காதீர்கள்.

ஒத்திகை முழுக்க மைக் இல்லாமலே நடக்கட்டும். விழாவன்று ஸ்டாண்ட் மைக்கை நடுவில் வைக்காமல் மேடை முன்விளிம்பில் தாழ்வாக இரண்டு மூன்று மைக் வைக்கச் சொல்லி மைக்செட்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஸ்பீக்கர் பாக்ஸ் மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் திரும்பி இருக்க வேண்டும், இல்லையென்றால் கீச்சென்று கத்தும்.

செட்டுக்குப் பணம் இல்லை என்பதைப் பற்றிக் கவலையே படாதீர்கள், தெருக்கூத்து இருக்கிறது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்க, அதற்குப் பின்னால் வேடம் ஆடிக்கொண்டே வரும், மேலே கிரீடமும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரியும், துணி விலகுவதற்குள் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். ஒரு பழைய போர்வை போதும் இதற்கு. அதே போர்வை அடுத்த காட்சியில் ஆறு, அதற்கடுத்து வீட்டுச் சுவர். கூத்தில் வரும் கட்டியங்காரனையும் எடுத்துக்கொள்ளுங்கள்: கதை சொல்வான், கேள்வி கேட்பான், கேலி செய்வான், யாராவது வசனம் மறந்து நின்றால் உள்ளே புகுந்து பேசிச் சமாளிப்பான். வகுப்பில் வாய் ஓயாமல் பேசித் திட்டு வாங்கும் பிள்ளை ஒன்று இருக்குமே, இந்த வேடம் அதற்குத்தான்.

மற்றவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். பன்னிரண்டு பேர் நடித்தால் மீதி இருபது பேருக்கும் உண்மையான பொறுப்பு இருக்கிறது: படுதா இழுப்பது, தகர டப்பாவில் இடிச்சத்தம், உடுப்பு, மேடைப் பொருட்கள், பிரதியைக் கையில் வைத்து எடுத்துக்கொடுப்பது, யார் எப்போது உள்ளே போக வேண்டும் என்று பக்கவாட்டில் நின்று அனுப்புவது. இந்தக் கடைசி வேலையைக் கூச்ச சுபாவமுள்ள, கவனமான ஒரு பெண்ணிடம் கொடுத்துப் பாருங்கள். "மரம் நம்பர் இரண்டு" மாதிரி வேடம் மட்டும் கொடுக்காதீர்கள். கறுப்பாக இருப்பவன் வில்லன், குண்டாக இருப்பவள் காமெடி என்பதும் வேண்டவே வேண்டாம், அந்த வயதில் அது வருடக்கணக்கில் வலிக்கும்.

லைட்டுக்கு மேடையின் முன்பக்கம் இரு மூலையிலிருந்தும் சாய்வாக, தலைக்கு மேல் உயரத்தில், இரண்டு எல்இடி ஃபோகஸ் லைட் போதும். முழு இருட்டு வேண்டாம், பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். வயரையும் ஏணியையும் பெரியவர்கள் மட்டும் தொடட்டும்.

இன்னொன்று, மேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் செய்தித்தாள் விரித்து, ஒவ்வொரு பொருளும் இருக்க வேண்டிய இடத்தில் அதன் வடிவத்தைக் கோடு போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். கம்பு இல்லை, கடிதம் இல்லை என்றால் நாடகம் தொடங்கும் முன்பே கண்ணில் பட்டுவிடும்.