ரிப்போர்ட்டில் 'முழுமையாக அகற்றப்படவில்லை' என்று வந்தால்?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பி பார்க்கப் போய், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஆரம்பகட்டப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே செதுக்கி எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த பயாப்சி ரிப்போர்ட்டில் 'முழுமையாக அகற்றப்படவில்லை' என்றிருக்கிறதாம். இரைப்பையில் ஒரு பகுதியை ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. அப்பாவோ, "எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே, இனிமே கத்தி வைக்க விடமாட்டேன்" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். அடுத்தவர் சொல்லக் கேட்டதை வைத்து முடிவெடுக்காதீர்கள் அம்மா, ஏனென்றால் 'முழுமையாக இல்லை' என்பது ஒரே விஷயம் அல்ல, அதற்குள் இரண்டு வேறு வேறு நிலைமைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் சிகிச்சையும் வேறு.

வெட்டி எடுத்த துண்டின் பக்கவாட்டு ஓரத்தில் மட்டும் புற்றணுக்கள் தெரிந்தால், அதாவது 'ஹாரிசான்டல் மார்ஜின்' மட்டும் பாசிட்டிவ், மற்றதெல்லாம் சரி என்றால், பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. மிச்சம் இருந்தால் அதே தழும்பின் ஓரத்தில்தான் இருக்கும். மறுபடி எண்டோஸ்கோப்பியில் செதுக்கலாம் (தழும்பு இறுகியிருப்பதால் முதல் தடவையைவிடக் கடினம், கைதேர்ந்தவர் வேண்டும்), அல்லது நெருக்கமாகக் கண்காணிக்கலாம், சிலருக்கு ஆபரேஷன்.

இன்னொரு நிலைமை வேறு. புற்று ஆழமாகப் போயிருக்கிறது, அடிப்பக்க ஓரமான 'வெர்ட்டிகல் மார்ஜின்' பாசிட்டிவ், அல்லது நிணநீர்க் குழாய்க்குள்ளோ ரத்தக்குழாய்க்குள்ளோ அணுக்கள் நுழைந்திருக்கின்றன என்றால், கவலை இரைப்பையின் உட்புறத்தைப் பற்றியது அல்ல, வெளியே இருக்கும் நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) பற்றியது. எண்டோஸ்கோப்பியால் அங்கே போகவே முடியாது. ஸ்கேனில் தெரியவில்லை என்பதும் முழு ஆறுதல் இல்லை, நெறிக்கட்டிக்குள் சின்னக் கூட்டமாக ஒளிந்திருக்கும் அணுக்களை சி.டி. காட்டாது. அதனால்தான் நெறிக்கட்டிகளோடு சேர்த்து இரைப்பையின் பகுதியை எடுக்கச் சொல்கிறார்கள். கீமோ கொடுத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள், அது இந்த ஆபரேஷனுக்கு ஈடாகாது.

எவ்வளவு ஆபத்து என்பதையும் ஓரளவு கணக்கிட முடியும். ஜப்பானிய மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட 'ஈ-க்யூரா' என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. நிணநீர்க் குழாயில் நுழைந்திருந்தால் 3 மதிப்பெண். கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், அடி ஓரம் பாசிட்டிவ் என்றால், ரத்தநாளத்தில் நுழைந்திருந்தால், சளிப்படலத்துக்குக் கீழே அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 0 அல்லது 1 வந்தவர்களில் நெறிக்கட்டியில் புற்று இருந்தது 2.5 சதவீதம் பேருக்கு, 2 முதல் 4 வரை வந்தவர்களில் 6.7 சதவீதம், 5 அல்லது அதற்கு மேல் போனால் 22.7 சதவீதம். அப்பாவின் மதிப்பெண் என்ன என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

மதிப்பெண் அதிகம், இதயம், நுரையீரல் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால், 66 வயதில் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்பதே என் கருத்து. நெறிக்கட்டியில் வளர்ந்து வெளியே தெரியும்போது குணப்படுத்துவது ரொம்பவே கடினம். மதிப்பெண் குறைவு, உடம்பும் தாங்காது என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பியும் சி.டி.யும் எடுத்துக் கண்காணிப்பதும் நியாயமான வழிதான், தவறவிடாமல் போவதாக இருந்தால் மட்டும்.

அப்பாவிடம் ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள். யாரும் அவரை ஏமாற்றவில்லை. புற்று எவ்வளவு ஆழம் என்பது, எடுத்த துண்டை 2 மில்லிமீட்டர் இடைவெளியில் அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகும். முதல் சிகிச்சை வீணாகவில்லை, நோயின் உண்மையான நிலை தெரிந்ததே அதனால்தான். கட்டி கீழ்ப்பகுதியில் என்பதால் பெரும்பாலும் முழு இரைப்பையையும் எடுக்க வேண்டி வராது. கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடப் பழகிக்கொள்ள வேண்டும். இட்லியும் ரசம்சாதமும் சாப்பிடலாமா என்றுதான் நிறையப் பேர் முதலில் கேட்கிறார்கள். சாப்பிடலாம், அளவுதான் மாறும்.

கேள்வி: எனக்கு இதே எண்டோஸ்கோப்பி சிகிச்சையில் கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள். அப்புறமும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கு இரண்டு வாரம் மாத்திரை தந்திருக்கிறார்கள். அவசியமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: அவசியம். இரைப்பைப் புற்றுக்கு இந்தக் கிருமி ஒரு முக்கியக் காரணம். கட்டி போனாலும் அது வளர்ந்த இரைப்பை அப்படியேதான் இருக்கிறது, வேறு இடத்தில் புதிதாக ஒன்று வரலாம். கொரியாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், கிருமிக்கு மருந்து எடுத்தவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் அப்படி வந்தது. வாய்க்கசப்பு, வயிற்றுப்போக்கு என்று பாதியில் நிறுத்தாதீர்கள், முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். கோர்ஸ் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, அசிடிட்டி மாத்திரையை இரண்டு வாரம் முன்னதாகவே டாக்டரைக் கேட்டு நிறுத்திவிட்டு, மூச்சுப் பரிசோதனை செய்து கிருமி போய்விட்டதா என்று பாருங்கள். போயிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது எண்டோஸ்கோப்பி வேண்டும்.