சர்க்கரை நோட்டு எந்தத் தேதியோடு நின்றது?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை நோய். மூன்று மாதமாக மாத்திரையைத் தவறவிடுகிறார், குளுக்கோமீட்டரைத் தொடுவதில்லை. கேட்டால், "விடு, பார்த்துக்கலாம்" என்கிறார். இது மனச்சோர்வா? கண்டுபிடிக்கப் பரிசோதனை உண்டா?

பதில்: உண்டு. ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, கேள்விகள்தான். கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தது எத்தனை நாள்? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தது எத்தனை நாள்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் 9 கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 படிவம். அதில் 10-ஐத் தொட்டால் மருத்துவர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. அசதி, தூக்கக் கேடு, பசி மாற்றம் எல்லாம் சர்க்கரை ஏறினாலே வரும். தைராய்டையும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள்.

தினசரி சர்க்கரை அளவை எழுதிவைக்கும் நோட்டை நோயாளியிடமிருந்து வாங்கினால், எண்களுக்கு முன் நான் பார்ப்பது கடைசியாக எழுதிய தேதியைத்தான். நாள் தவறாமல் எழுதியவர் திடீரென நிறுத்தியிருந்தால், அதைச் சோம்பல் என்று திட்டுவது பெரிய தவறு. சர்க்கரை நோயாளிகளிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம்.

மனச்சோர்வே இல்லாமல், நோயைக் கட்டி இழுக்கும் சலிப்பு மட்டும் இருக்கலாம். தினமும் விரலில் குத்து, இதைத் தின்னாதே, அதைத் தின்னாதே என்று வருடக்கணக்கில் கேட்டால் யாருக்குத்தான் அலுக்காது? இதை அளக்கத் தனியாக 20 கேள்விகள் உள்ள 'பெய்டு' படிவம் இருக்கிறது. 100-க்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் சலிப்பு கடுமையாக இருக்கிறது. இதற்கு மனச்சோர்வு மாத்திரை உதவாது. மருந்து அட்டவணையை எளிதாக்குவதும், குறை சொல்லாமல் காது கொடுப்பதும் உதவும்.

திடீர்ப் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் பதற்றம் என்று விடாமல் உடனே சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் அது தாழ்சர்க்கரை. முதலில் குளுக்கோஸ் கொடுங்கள்.

பிஎச்க்யூ-9-இன் கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. கேட்டால் அந்த நினைப்பை நாமே தூண்டிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள், அப்படி ஆகாது. "ஆம்" என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். இன்சுலினும் மாத்திரைகளும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அப்படி இல்லையென்றாலும் அடுத்த பரிசோதனை வரை தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே போங்கள். எனக்கு எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதி, மருத்துவர் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன் அவர் கையில் கொடுங்கள்.