தாமஸ் மோரின் மௌனம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தாமஸ் மோரை மனசாட்சிக்காக உயிரைக் கொடுத்தவர் என்கிறோம். ஆனால் அரசர் எட்டாம் ஹென்றி போப்பை விலக்கிவிட்டுத் தன்னையே இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவராக்கிக்கொண்டது தவறு என்று அவர் வெளிப்படையாகச் சொன்னாரா? வாயை மூடிக்கொண்டு தப்பிக்கத்தானே பார்த்தார்? இதில் என்ன வீரம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தப்பிக்கத்தான் பார்த்தார். எனக்கு அவரை நெருக்கமாக்குவதே அதுதான். சாகத் துடித்தவர் இல்லை அவர்; மனைவி மக்களோடு வாழ ஆசைப்பட்ட வக்கீல்.

1532 மே மாதம் ஆயர்கள் அரசருக்குப் பணிந்த மறுநாளே சான்சலர் என்ற உயர்ந்த அமைச்சர் பதவியை விட்டு விலகினார். 1534இல் வாரிசுரிமைச் சட்டத்துக்குச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். ஹென்றி முதல் மனைவியை விலக்கிவிட்டு மணந்த ஆன் போலினின் பிள்ளைகள் அரியணை ஏறுவதில் அவருக்கு மறுப்பில்லை, அது பார்லிமென்ட் முடிவு செய்யக்கூடிய விஷயம். ஆனால் அந்தச் சத்தியத்தில் போப்பின் அதிகாரத்தை மறுப்பதும் சேர்ந்திருந்தது. மாட்டேன் என்றார். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. பேசாதவனைத் துரோகி என்று தண்டிக்க முடியாது என்பது அவருடைய கணக்கு.

(அவர் சான்சலராக இருந்தபோது சமய மறுப்புக்காக ஆறு பேர் எரிக்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட வழக்குகளில் வாய் திறக்காமல் இருக்க யாரையும் விட்டதில்லை. விசாரணையில் அரசரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் இதை அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். மோர் சொன்ன பதில் எனக்கு இன்றுவரை போதவில்லை.)

1535 ஜூனில், சத்தியம் செய்ய மறுத்ததற்காக அவரை அடைத்து வைத்திருந்த லண்டன் டவர் சிறைக்கு அவருடைய புத்தகங்களைப் பறிமுதல் செய்ய ஆள் வந்தார்கள். அவர்களில் ஒருவரான அரசு வக்கீல் ரிச்சர்ட் ரிச் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். அரசர் திருச்சபைக்குத் தலைவராக முடியாது என்று மோர் அப்போது சொன்னதாகப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். கூட வந்த இருவரைக் கேட்டால், புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தோம், பேச்சைக் கவனிக்கவில்லை என்றார்கள். அந்த ஒற்றைச் சாட்சியை வைத்துக் குற்றவாளி என்றார்கள்.

நீங்கள் கேட்ட பேச்சு அப்புறம்தான் வந்தது. இனி காப்பாற்ற எதுவும் இல்லை என்றானதும், எந்தப் பார்லிமென்டும் ஓர் அரசரைத் திருச்சபைக்குத் தலைவராக்க முடியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

மகள் மார்கரெட் ‘கடவுளின் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்று ஒரு வரி சேர்த்துச் சத்தியம் செய்துகொண்டவர். சத்தியம் செய்த யாரையும் மோர் குறை சொன்னதில்லை. தீர்ப்புக்குப் பின் டவர் படித்துறையில் காவலர்களைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து மார்கரெட் அவரைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டார். தலை வெட்டப்படுவதற்கு முந்தைய நாள், ஜூலை 5, கரித்துண்டால் மகளுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மோர் அதைத்தான் எழுதுகிறார்: நீ என்னைக் கடைசியாக முத்தமிட்டபோது பிடித்த அளவுக்கு வேறெப்போதும் எனக்கு உன்னைப் பிடித்ததில்லை என்று.