405 பொருளும் ஒரு கொத்தமல்லிக் கட்டும்

கேள்வி: 2023-24-இல் நடந்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் எங்கள் வீடும் மாட்டியது. மூன்று மாதம், மூன்று தடவை வந்தார்கள். போன வாரம் எத்தனை முட்டை, போன மாதம் எத்தனை கிலோ அரிசி, போன வருஷம் எத்தனை புடவை என்று கேள்வி மேல் கேள்வி. மூன்றாவது தடவை அலுத்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். எங்களுக்கு ஆகிற இந்தத் தொல்லையை யாராவது கணக்கெடுக்கிறார்களா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, கரூர்

பதில்: எடுக்கிறார்கள். எடுத்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருக்கிறார்களே, அதுதான் எனக்குக் கோபம். இந்தக் கணக்கெடுப்பு அடங்கும் தேசிய மாதிரி ஆய்வின் படிவங்களைப் பார்த்தால், ஒரு வீட்டில் விசாரித்து முடிக்க எத்தனை நிமிடம் ஆனது என்று எழுத ஒரு கட்டம் இருக்கும். கூடவே இன்னொரு கட்டம்: தகவல் சொன்னவர் நன்றாக ஒத்துழைத்தாரா, ஒத்துழைத்தும் சொல்லத் தெரியவில்லையா, வேலையாக இருந்தாரா, தயங்கினாரா என்று குறியீடு போடுவதற்கு. ஆக, உங்களைப் பற்றி கணக்கெடுக்க வந்தவர் போட்ட குறிப்பு டில்லி வரை போயிருக்கும். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் சொல்ல யார் இடம் கொடுத்தார்கள்?

அமெரிக்காவில் 1980-இலேயே இதற்கென்று சட்டம் கொண்டுவந்தார்கள். அரசு ஒரு படிவத்தை மக்களிடம் நீட்டினால், அதை நிரப்பச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். அங்கே வீடுகளுக்குப் போகும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்புக்குச் சுமார் 40 நிமிடம் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார்கள். நம் வாசலிலும் "அம்மா, மூன்று தடவை வருவோம், ஒவ்வொரு தடவையும் இவ்வளவு நேரம் ஆகும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் நிமிடத்தை மட்டும் எண்ணினால் போதாது. நார்மன் பிராட்பர்ன் என்ற ஆய்வாளர் 1978-லேயே இந்தச் சுமையை நான்காகப் பிரித்துச் சொன்னார்: எவ்வளவு நேரம், எவ்வளவு யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, மனதுக்கு எவ்வளவு சங்கடம், எத்தனை தடவை. உங்கள் கேள்வியில் இந்த நான்குமே இருக்கின்றன. இந்தக் கணக்கெடுப்பில் பட்டியல் 400 பொருளைத் தாண்டும், 2022-23-இல் 405. அரிசி, பருப்புக்கு 30 நாள் கணக்கு. எண்ணெய், முட்டை, காய்கறிக்கு 7 நாள். துணிமணி, செருப்புக்கு 365 நாள். மூன்று தடவைக்குள் மூன்று காலத்துக்குத் தாவித் தாவிப் பதில் சொல்ல வேண்டும். காய்கறிக்காரர் கொசுறாகப் போட்ட கொத்தமல்லிக் கட்டுக்கு என்ன விலை சொல்வது? வீட்டுக்காரர் குடிக்கிறாரா, எவ்வளவுக்குக் குடிக்கிறார் என்று மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் மருமகள் என்ன சொல்வாள்? இரண்டு நிமிடக் கேள்விதான், ஆனால் அந்த இரண்டு நிமிடத்தின் கனத்தைக் கடிகாரம் காட்டாது.

அப்புறம், இது யாருடைய நேரம் என்று பாருங்கள். 2023-24-இல் போன வீடுகள் 2,61,953. வீட்டுக்கு மூன்று தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலே ஏழே முக்கால் லட்சம் மணி நேரத்துக்கு மேல். இதைக் கூலியாக மாற்றிக் கணக்குப் போடலாம் என்பார்கள். அப்படிப் போட்டால் உங்களைப் போன்ற இல்லத்தரசியின் மணி நேரத்துக்கு என்ன கூலி எழுதுவார்கள், பூஜ்யமா? 2019-இல் இதே அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. தெரிந்துகொண்டேதான் அதே பெண்ணை மறுபடி உட்காரவைக்கிறோம்.

இதையெல்லாம் விடப் பெரிய சுமை ஒன்று உண்டு: பதிலை வாங்கிவிட்டுப் பயன்படுத்தாமல் விடுவது. 2017-18-இல் இதே நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை நாடு முழுக்க நடத்தினார்கள். 2019 நவம்பரில், தரவின் தரம் சரியில்லை என்று காரணம் சொல்லி, முடிவை வெளியிடுவதில்லை என்று புள்ளியியல் அமைச்சகம் அறிவித்துவிட்டது. அத்தனை வீட்டு மக்கள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து சொன்ன பதிலுக்கு என்ன மரியாதை? அந்தக் குடும்பங்களுக்கு ஒரு வரி வருத்தம்கூடத் தெரிவித்ததாக எனக்குத் தெரியவில்லை.

சரி, அதற்காகக் கதவைச் சாத்தலாமா? வேண்டாம். விலைவாசிக் குறியீட்டில் அரிசிக்கு எவ்வளவு எடை, பெட்ரோலுக்கு எவ்வளவு எடை, அதாவது மொத்தச் செலவில் எதற்கு எவ்வளவு பங்கு என்பது இந்தப் பதில்களிலிருந்துதான் வருகிறது. 2012-ஐ அடிப்படையாக வைத்த குறியீட்டுக்கு 2011-12-இல் மக்கள் சொன்ன செலவுதான் ஆதாரம். நீங்கள் மறுத்தால் உங்களுக்குப் பதில் இன்னொரு வீட்டை எடுத்துக்கொள்வார்கள். காவலாளி வைத்த அடுக்குமாடிக்காரர்கள் எளிதாக மறுத்துவிடுவார்கள், மறுக்கத் தெரியாத வீட்டின் கணக்கே மேலும் மேலும் சேரும்.

மூன்றாவது தடவை வாய்க்கு வந்ததைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது தடவை எத்தனை வீடுகளில் இப்படி ஆயிற்று, கேள்விப் பட்டியலின் எந்த இடத்தில் ஆட்கள் அலுத்துப்போனார்கள் என்பதை அமைச்சகம் கண்டுபிடித்து, வீடுகளில் ஆன நிமிடங்களோடு சேர்த்து அறிக்கையின் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும். மறுபடி வந்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். கிளம்பும்போது அவரை நிறுத்தி, "எத்தனை நிமிடம்னு எழுதினீங்க தம்பி?" என்று கேளுங்கள்.