போனவர்ட திறப்பு யாரிட்ட இருக்கு?

இந்த முறை கோட் வைக்கிற சேர்வர்கள்ல யூசர் கணக்குகள் பற்றித்தான் கனக்க கேள்வி வந்திருக்கு, என்ன எல்லாரும் ஒரே நேரத்துல ஆளை மாத்துறீங்களோ தெரியாது. சரி, வந்ததுல ஏழு கேள்வியை எடுத்திருக்கிறன்.

கேள்வி: அண்ணா, எங்கட ஒபிஸ் யூனியன் பிளேஸ் பக்கம். டீம் ஃபவுண்டேஷன் சேர்வர் 2010 (டிஎஃப்எஸ், கோட் வைக்கிற மைக்ரோசொஃப்ட் சேர்வர்) இன்னும் ஓடுது, சிரிக்காதீங்க. புது ஆள் ஒருத்தர் வந்தா அவரை மூண்டு இடத்துல சேர்க்க வேண்டி இருக்கு, சேர்வர்ல ஒருக்கா, டொக்கியுமென்ட் வைக்கிற ஷேர்பொயின்ட்ல ஒருக்கா, ரிப்போட் காட்டுற ரிப்போட்டிங் சேர்விஸ்ல ஒருக்கா. எனக்கு முந்தி இருந்தவர் ஏதோ ஒரு டூல் வச்சு ஒரே அடியில செய்வாராம். அது என்ன டூல், இப்ப கிடைக்குமா? (கொழும்பு 2 வாசகர்)

பதில்: சிரிக்கேல்ல தம்பி, 2008 பதிப்பு ஓடுற இடத்தையே நான் கண்டிருக்கிறன். நீங்க சொல்ற டூலுக்குப் பேர் டிஎஃப்எஸ் அட்மினிஸ்ட்ரேஷன் டூல், கோட்பிளெக்ஸ் எண்ட மைக்ரோசொஃப்ட்ட தளத்துல இலவசமா கிடைச்சது. இந்த சேர்வர் முதல்ல 2006ல வெளிவந்த நேரத்துல இருந்தே இந்தத் தலையிடி இருந்திச்சு, ஏனெண்டா உள்ளுக்குள்ள மூண்டு வேற வேற சாமான், மூண்டுக்கும் தனித்தனி இடாப்பு. கோட் எழுதுற பிள்ளையை சேர்வர்ல கொன்ட்ரிபியூட்டர் (எழுதுற உரிமை உள்ளவர்) ஆக்கினா, ரிப்போட்டிங் சேர்விஸ்ல ரிப்போட் பார்க்க பிரவுசர் ரோல் தனியா குடுக்கணும், ஷேர்பொயின்ட்ல டொக்கியுமென்ட் திறக்க இன்னொண்டு. அந்த டூல் மூண்டையும் ஒரே விண்டோல காட்டும், ஆரை எங்க விட்டுப்போட்டம் எண்டும் தெரியும், அதுதான் அதுல எனக்குப் பிடிச்சது.

ஆனா கோட்பிளெக்ஸ் 2017ல மூடியாச்சு. இப்ப கண்ட கண்ட தளத்துல அந்தப் பேர்ல ஃபைல் கிடக்கும், இறக்காதீங்க. அந்த டூலை ஓட விடுறதே சேர்வர் அட்மின் கணக்குல, ஆர் என்ன கலந்து வச்சிருக்கிறானோ தெரியாத ஒண்டுக்கு வீட்டுத் திறப்பு எல்லாத்தையும் தூக்கிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

உண்மையைச் சொன்னா உங்களுக்கு அந்த டூலே தேவையில்ல. அக்டிவ் டிரெக்டரில, அதாவது ஒபிஸ் ஆக்கள்ட விண்டோஸ் கணக்கு எல்லாம் இருக்கிற பொது இடாப்புல, புரொஜெக்டுக்கு மூண்டு குரூப் அடிங்க, எழுதுறவங்க, வாசிக்கிறவங்க, அட்மின். அந்தக் குரூப்பை மூண்டு இடத்துலயும் ஒரே ஒருக்கா சேர்த்து விடுங்க, அதுக்குப் பிறகு புது ஆள் வந்தா டிரெக்டரி குரூப்ல மட்டும் போட்டாப் போதும், போனா அங்க இருந்து எடுத்தாப் போதும். அப்பிடிப் பொது இடாப்பு (டொமெய்ன்) இல்லாத சின்னக் கொம்பனி, மூண்டும் ஒரே மெஷின்ல ஓடுது எண்டா அந்த மெஷின்லயே விண்டோஸ் லோக்கல் குரூப் அடிச்சும் இதே வேலையைச் செய்யலாம். ஒரு விஷயம், டிரெக்டரில மாத்தின உடனே சேர்வருக்குத் தெரியாது, அது சுமார் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் போய்ப் பார்க்கும், அதுக்குள்ள "அண்ணா இன்னும் வேலை செய்யுதில்ல" எண்டு மெசேஜ் வரும், ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வாங்க எண்டு சொல்லுங்க.

குரூப்புக்குள்ள குரூப் வச்சுச் சிக்கலாகிப் போனா, சேர்வர்ல டூல்ஸ் ஃபோல்டருக்குள்ளயே டிஎஃப்எஸ்செக்யூரிட்டி எண்டு ஒரு கமாண்ட் இருக்கு. குரூப்பை விரிச்சுக் காட்டு எண்டு கேட்டா கடைசில உள்ளுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு ஆளையும் வரிசையா போட்டுக் காட்டும். நான் முதல் தடவை ஓட விட்ட நேரம் ரெண்டு வருசத்துக்கு முந்தி வேலையை விட்ட ஒருத்தர் அட்மின் லிஸ்ட்ல இருந்தார், எங்கட பொஸ்ட பேருக்கு நேர மேல!

2010 பதிப்புக்கு சப்போர்ட் 2020 யூலையோட முடிஞ்சுது. அங்க இருந்து நேரடியா புதுசுக்குப் பாயவும் ஏலாது, டிஎஃப்எஸ்ட புதுப் பேரான அஷூர் டெவொப்ஸ் சேர்வர் 2019க்கு வாறதெண்டாலே 2012 அல்லது அதுக்குப் பிந்தின பதிப்புல இருந்துதான் வரலாம், அதனால நடுவுல ஒரு படி வச்சு ஏறணும். ஷேர்பொயின்ட் தொடுப்பை 2018 பதிப்போட அவங்களே எடுத்திட்டாங்க, ஆகவே அப்கிரேட் பண்ணினா மூண்டு இடாப்புல ஒண்டு தானா குறையும்.

கேள்வி: எங்கட டீம்ல ஒரு பெடியன் மெல்பேர்ன் போயிட்டான். அவன்ட பேர்ல நாலு ஃபைல் லொக் ஆகிக் கிடக்கு, மற்ற ஆக்கள் தொட ஏலாது. நாங்களும் பழைய டிஎஃப்எஸ்தான். என்ன செய்யலாம்? (தெமட்டகொட)

பதில்: முதல்ல ஒண்டு கேட்கிறன், அவன்ட லப்டொப் எங்க? ஃபோர்மட் பண்ணி புதுசா வந்த பிள்ளைக்குக் குடுத்தாச்சு எண்டா இந்தப் பதிலைப் பாதில இருந்து வாசிங்க. ஏனெண்டா ஃபைல் அவன்ட பேர்ல செக்அவுட் ஆகி (திருத்த எடுத்து) இருக்கு எண்டு மட்டும்தான் சேர்வருக்குத் தெரியும், அவன் என்ன மாத்தினான் எண்டது அந்த லப்டொப்ல மட்டும்தான் இருக்கு, ஷெல்வ் பண்ணி (முடியாத மாற்றத்தைச் சேர்வர்ல ஒதுக்கி வச்சு) இருந்தா ஒழிய. லப்டொப் கையில இருந்தா அதைத் திறந்து மாத்தினதை எல்லாம் ஒருக்கா ஷெல்வ் பண்ணி வச்சிட்டு வாங்க.

பிறகு டிஎஃப் அன்டூ கமாண்ட்ல அவன்ட வேர்க்ஸ்பேஸ் (மெஷின் ஃபோல்டரைச் சேர்வரோட இணைக்கிற பதிவு) பேரும் அவன்ட யூசர் பேரும் குடுத்தா லொக் கழரும். உங்களுக்கு மற்றவங்கட மாற்றங்களை அன்டூ பண்ற பெர்மிஷன் இருக்கணும், அட்மின் குரூப்ல இருந்தா இருக்கும். கமாண்டுக்குப் பயமெண்டா அட்ரிஸ் கொம்பனிட டீம் ஃபவுண்டேஷன் சைட்கிக்ஸ் எண்ட இலவச டூல்ல ஆர் எதைப் பிடிச்சு வச்சிருக்கிறாங்க எண்டு லிஸ்டா வரும், டிக் பண்ணி விடுவிக்கலாம். அவன்ட வேர்க்ஸ்பேஸையும் அதோட அழிச்சிடுங்க, இல்லாட்டி அதே மெஷின்ல அதே ஃபோல்டர்ல புது ஆள் வேலை தொடங்கிற நேரம் இந்த ஃபோல்டர் வேற ஒருத்தருக்குச் சொந்தம் எண்டு எரர் அடிக்கும்.

கேள்வி: சேர், நாங்க கோட் வைக்கிற கிட்லாப்பை எங்கட சொந்த சேர்வர்ல வச்சிருக்கிறம். ஒருத்தர் வேலையை விட்டா அவர்ட கணக்கை டிலீட் பண்றதா, புளொக் பண்றதா? எச்ஆர் ஆக்கள் டிலீட் எண்டு சொல்றாங்க. (வெள்ளவத்தை வாசகி)

பதில்: புளொக், பிள்ளை. எச்ஆருக்கு நல்ல மாதிரிச் சொல்லுங்க, அவங்க ஃபைலைக் கிழிக்கிறாங்களா, அலுமாரில வச்சுப் பூட்டுறாங்களா எண்டு கேளுங்க.

புளொக் பண்ணினா ஆள் லொகின் பண்ண ஏலாது, எஸ்எஸ்ஹெச் திறப்பால (பாஸ்வேட்டுக்குப் பதிலா லப்டொப்ல கிடக்கிற ஃபைல்) கோட்டை இழுக்கவும் தள்ளவும் ஏலாது, ஆனா அவர் எழுதின இஷ்யூ (வேலைக் குறிப்பு), மேர்ஜ் ரிக்குவெஸ்ட் (மாத்தின கோட்டைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறது), கொமென்ட் எல்லாம் அவர்ட பேரோடயே நிக்கும். டிலீட் பண்ணினா அதெல்லாம் கோஸ்ட் யூசர் எண்ட பேருக்குப் போயிடும், ஆறு மாசம் கழிச்சு "இந்த முடிவை ஆர் எடுத்தது" எண்டு பார்த்தா பேய் எடுத்திருக்கும். பங்களிப்பையும் சேர்த்து அழிக்கிறது எண்டு இன்னொரு பட்டன் பக்கத்துலயே கிடக்கு, அது கிட்டயே போகாதீங்க. கொமிட்ல (கோட் மாற்றப் பதிவுல) இருக்கிற பேர் மட்டும் எப்படியும் மாறாது, அது கிட் எண்ட கோட் வரலாற்றுக்குள்ளயே பதிஞ்சது.

இப்ப புளொக் பண்றதுலயும் ஒரு வினை இருக்கு, இது நான் பட்டது. முந்தி வேலை செஞ்ச ஒரு இடத்துல ஒரு வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு, கேக் வெட்டி, ஃபோட்டோ எடுத்து, ஆள் லிஃப்டுக்குள்ள ஏறின கையோட நான் கணக்கை புளொக் பண்ணினன், நல்ல அட்மின் எண்ட நினைப்பு. திங்கள் காலமை வந்தா கிளையண்டுக்குப் போற ராத்திரி பில்ட் (கோட்டை ஓடுற மென்பொருளா ஆக்கிற வேலை) மூண்டு நாளா ஓடேல்ல. அதை நேரத்துக்குத் தானா ஓட விடுற பைப்லைன் ஷெடியூல் அவர்ட பேர்ல இருந்திச்சு, சொந்தக்காரர் புளொக் ஆனா ஷெடியூல் ஓடாது. சரியாக்க ஒரு நிமிசம் போதும், ஷெடியூல் பக்கத்துல ஓனர்ஷிப்பை எடுத்துக்கொள்ற பட்டன் ஒண்டு இருக்கு, அமத்தினாச் சரி. ஆனா கிளையண்ட்ட ஏச்சு ஒரு நிமிசத்துல முடியேல்ல.

அதால புளொக் பண்ண முதல் அவர்ட பேர்ல ஓடுற ஷெடியூல் என்ன எண்டு பாருங்க. அவருக்குத் தெரிஞ்ச ஆனா அவர்ட பேர்ல இல்லாத திறப்புகளையும் பாருங்க, டிப்ளோய் கீ (சேர்வர்கள் கோட் எடுக்கிற திறப்பு), புரொஜெக்ட் டோக்கன் (ஸ்கிரிப்ட்டுக்குக் குடுக்கிற பாஸ்வேட் மாதிரி ஒண்டு), பைப்லைன் வேரியபிள்ல போட்ட டேட்டாபேஸ் பாஸ்வேட், இதெல்லாம் புளொக் பண்றதால சாகாது. போர்டிங்ல இருந்து ஆள் போனாப் பிறகு அறைத் திறப்பை வாங்கிட்டு கேற் திறப்பை விட்ட கதைதான். கிட்லாப் 16 பதிப்புல இருந்து, அதாவது 2023 மே மாசம் தொடக்கம், தனிப்பட்ட டோக்கனுக்குக் காலாவதித் திகதி கட்டாயம் ஆக்கினாங்க, அதுக்கு முந்தி சாகாவரம் பெற்ற டோக்கன்கள்தான் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்லயும் கிடந்திச்சு.

கேள்வி: அஷூர் டெவொப்ஸ்ல புதுசா ஒருத்தரைக் கொன்ட்ரிபியூட்டர் குரூப்ல போட்டன், எல்லாம் சரியாத்தான் செஞ்சன், ஆனா அவருக்கு ரெப்போஸ் (கோட் இருக்கிற பக்கம்) மெனுவே தெரியுதில்ல எண்டு நிக்கிறார். (கொட்டாஞ்சேனை)

பதில்: அவர் ஸ்டேக்ஹோல்டரா இருப்பார், போய்ப் பாருங்க. இங்க பெர்மிஷன் வேற, அக்சஸ் லெவல் வேற. குரூப்ல போட்டது பெர்மிஷன், அக்சஸ் லெவல் எண்டது லைசன்ஸ். ஸ்டேக்ஹோல்டர் இலவசம், எத்தனை பேரையும் போடலாம், ஆனா பிரைவேட் புரொஜெக்ட்ல கோட் பக்கம் அவங்களுக்குத் தெரியாது, எந்தக் குரூப்ல போட்டாலும் தெரியாது. பேசிக்குக்கு மாத்துங்க. மைக்ரோசொஃப்ட்ட கிளவுட்ல இருந்தா முதல் 5 பேசிக் யூசர் சும்மா, ஆறாவது ஆள்ல இருந்து ஆளுக்கு மாசம் 6 டொலர். 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போன நேரம் எத்தனையோ ஒபிஸ்ல ஆரெல்லாம் உண்மையா கோட் பார்க்கிறாங்க எண்டு முதல் தடவையா லிஸ்ட் எடுத்தாங்க. நீங்க காசு கட்டிற நிலைமை வர முதலே எடுங்க, எப்பவோ போனவருக்கு மாசாமாசம் கட்டிக்கொண்டு இருக்கிறது பெரிய பாவம்.

கேள்வி: எங்களுக்கும் அஷூர் டெவொப்ஸ்தான். எங்கட டெஸ்டர் அக்காவுக்கு எழுதுற உரிமை ரெண்டு குரூப்ல குடுத்திருக்கு, பிறகும் புஷ் பண்ண (கோட்டைச் சேர்வருக்குத் தள்ள) ஏலாது எண்டு வருது. மூண்டாவது குரூப்லயும் போட்டுப் பார்க்கவா? (மருதானை)

பதில்: பத்துல போட்டாலும் வராது. எங்கயோ ஒரு குரூப்ல ஆரோ டினை (மறுப்பு) குடுத்திருக்கிறாங்க, அலவ் (அனுமதி) எத்தனை இருந்தாலும் அநேகமா டினைதான் வெல்லும். அக்காட பேரை எடுத்து அந்த ரெப்போட செக்யூரிட்டி பக்கத்துல பார்த்தா எந்தப் பக்கத்துல இருந்து டினை வருது எண்டு காட்டும், கனக்கக் கேஸ்ல "வாசிக்க மட்டும்" எண்டு ஆரோ உருவாக்கின குரூப்பா இருக்கும். டினையை நொட் செட்டுக்கு (ஒண்டும் சொல்லாத நிலைக்கு) மாத்துங்க. குடுக்காம விடுறது ஒண்டு, இல்லை எண்டு மறுக்கிறது வேற ஒண்டு, வீட்டுக்கு வந்த ஆளுக்குத் தேத்தண்ணி குடுக்காம விடுறதுக்கும் கேற்றைச் சாத்துறதுக்கும் உள்ள வித்தியாசம்.

கேள்வி: நாங்க ஆறு பேர். கிட்லாப் ரூட் (முழு அதிகாரம் உள்ள கணக்கு) பாஸ்வேட் எங்கட வட்ஸ்அப் குரூப்ல பின் பண்ணி இருக்கு. ஆபத்தா?

பதில்: ஊர் சொல்லாம எழுதினது நல்லது. இண்டைக்கே மாத்துங்க. பிறகு ஆறுல ரெண்டு பேருக்கு மட்டும் அவங்கட சொந்தக் கணக்குல அட்மின் உரிமை குடுங்க, அப்பதான் ஆர் எதைச் செஞ்சது எண்டு பேரோட பதிவாகும். மற்ற நாலு பேருக்கும் டெவலப்பர் ரோல் தாராளம், மெயின் பிராஞ்சுக்கு (கோட்டின்ட பிரதான பிரதிக்கு) நேரா தள்ள ஏலாது எண்டு முனகுவாங்க, முனகட்டும், மேர்ஜ் ரிக்குவெஸ்ட் போடச் சொல்லுங்க. ரெண்டடுக்கு உறுதிப்படுத்தலைக் கட்டாயம் ஆக்கினா கிட்லாப் தானாவே 48 மணித்தியாலம் அவகாசம் குடுக்கும், போன்ல ஒரு அப் இறக்கினாச் சரி.

கேள்வி: வணக்கம். நான் கொழும்புல ஒரு சொஃப்ட்வெயார் கொம்பனில இருந்து விலகி எட்டு மாசம், இப்ப டொரொண்டோல இருக்கிறன். போன கிழமை பழைய லப்டொப்பைத் திறந்த நேரம் சும்மா ஒரு புல் (கோட் இறக்கிற கமாண்ட்) அடிச்சன், கோட் எல்லாம் வந்திட்டுது. அவங்களுக்குச் சொல்லவா, பேசாம விடவா? சொன்னா என்னையே பிடிப்பாங்களோ எண்டும் பயமா இருக்கு.

பதில்: சொல்லுங்க, இண்டைக்கே சொல்லுங்க, ஆனா சொல்ல முதல் இன்னொருக்கா வேலை செய்யுதா எண்டு பார்க்காதீங்க. அந்த ஒருக்காதான் பிரச்சினை. 2007ம் ஆண்டின் 24ம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துல அனுமதியில்லாம உள்ளுக்குப் போறதே குற்றம், கதவு பூட்டேல்ல எண்டது அங்க நியாயமா எடுபடும் எண்டு நான் நம்பி இருக்க மாட்டன். தெரியாம ஒரு புல் அடிச்சிட்டன், உடனே அறிவிக்கிறன் எண்டு எழுத்துல இருந்தா அது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

பழைய டீம்ல ஃபிரெண்டுக்கு வட்ஸ்அப் போடாதீங்க, அவர் பகிடியா எடுத்திட்டு மறந்திடுவார். சிஸ்டம் அட்மினுக்கும் உங்கட பழைய மனேஜருக்கும் சேர்த்து ஒரு மெயில், திகதி, நேரம், எந்த ரெப்போ, எஸ்எஸ்ஹெச் திறப்பாலயா டோக்கனாலயா உள்ளுக்குப் போனது எண்டு நாலு வரி. கணக்கை புளொக் பண்ணச் சொல்லிக் கேளுங்க, டிலீட் எண்டு சொல்லாதீங்க, மேல வெள்ளவத்தைப் பிள்ளைக்குச் சொன்ன அதே காரணம்தான். இறக்கின கோட்டை என்ன செய்யிறது எண்டும் அவங்களிட்டயே கேளுங்க, அழிங்க எண்டு பதில் வந்தாப் பிறகு அந்த ஃபோல்டரையும் லப்டொப்ல இருக்கிற பழைய எஸ்எஸ்ஹெச் திறப்பையும் சேர்த்து அழிச்சிட்டு, அழிச்சாச்சு எண்டு அதே மெயிலுக்குக் கீழ ஒரு வரி போட்டு விடுங்க.