கடல் மீன் தொட்டியில் டாங் மீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. என்ன மருந்து போடலாம்?

மருந்து இருக்கட்டும். முதலில் விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக்கல் தூவியதுபோல, எண்ணிவிடக்கூடிய புள்ளிகளா? அப்படியானால் பெரும்பாலும் 'இக்' எனப்படும் கிரிப்டோகாரியான் ஒட்டுண்ணி. திருநீறு பூசியதுபோல மெல்லிய பொடியாகத் தெரிந்து, மீன் வேகவேகமாக மூச்சு வாங்கி, வேவ்மேக்கர் (தொட்டியில் அலை கிளப்பும் பம்பு) நீரோட்டத்துக்கு எதிரே போய் நின்றால் அது 'வெல்வெட்' எனப்படும் வேறோர் ஒட்டுண்ணி. அதற்கு நாளை வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்துவிடும்.

இக் வேறு மாதிரி ஏமாற்றும். என் முதல் டாங்குக்கு வந்தபோது, பவளத்துக்கும் கெடுதல் இல்லை என்று சொல்லி கடையில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை. குணமாகிவிட்டது என்றே நம்பினேன். இரண்டு வாரம் கழித்து முன்பைவிட அதிகமாக வந்தது. அந்த மீன் பிழைக்கவில்லை. உண்மையில் புள்ளி மறைந்ததற்கு மருந்து காரணமே இல்லை. மீனின் தோலில் சில நாள் தின்று வளர்ந்ததும் ஒட்டுண்ணி தானாகவே உதிரும். மணலிலும் கல்லிலும் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும்.

அதனால் புள்ளி உள்ள மீனை மட்டும் அல்ல, எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அங்கே போட வேண்டியது தாமிர மருந்து. மணலோ கல்லோ வேண்டாம், அவை தாமிரத்தை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள நாலு பிவிசி குழாய்த் துண்டு போதும். கீலேட் செய்த (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த) தாமிர மருந்து என்றால் 2 முதல் 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), 30 நாள். ஒரே நாளில் ஊற்றாமல் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். டெஸ்ட் கிட் இல்லாமல் தாமிரத்தைத் தொடவே தொடாதீர்கள்: குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் செத்துவிடும். அப்படிப் பிணைக்காத அயனித் தாமிர மருந்துக்கு அளவு இதைவிட மிகக் குறைவு, லேபிளைப் பாருங்கள்.

புதிதாக வைத்த இந்தத் தனித் தொட்டியில், மீன் கழிவால் அம்மோனியா ஏறும். அதைக் கட்டுப்படுத்தும் திரவத்தைத் தாமிரத்தோடு சேர்த்து ஊற்றினால் தாமிரத்தின் நச்சு கூடிவிடும். தண்ணீரை மாற்றுவதே வழி. மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு தாமிரம் இருக்க வேண்டும்.

பவளம், இறால், நத்தை எல்லாம் பழைய தொட்டியிலேயே இருக்கட்டும், தாமிரம் அவற்றைக் கொன்றுவிடும். அந்தத் தொட்டியில் 76 நாளுக்கு ஒரு மீன்கூட விடாதீர்கள். வலை, வாளி, கை ஈரம் எதுவும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகக்கூடாது.

மீன் இன்னும் சாப்பிடுகிறதா? பதிலில் எழுதுங்கள்.